பத்தாவது பெயர்

பத்தாவது பெயர் வேண்டும், பதினொன்றரைக்குள்.

ஒன்பது பெயர் அவள் ஏற்கெனவே வைத்தாகிவிட்டது. துரைப்பாக்கத்தில் தகரக் கூரை போட்ட ஒரே சமையலறை. சாப்பாடு வரவழைக்கும் செயலியில் அது ஒன்பது உணவகங்கள். செட்டிநாட்டுக்கு ஒன்று, கொங்குக்கு ஒன்று, டயட்காரர்களுக்கு ஒன்று. சாம்பார் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒரே அண்டாவில் கொதித்தது. அதற்கு ஒரு கடையில் ஐந்து நட்சத்திரம் விழும், இன்னொன்றில் இரண்டு.

பெயர்தான் ருசி என்பான் மேலாளர் பிரகதீஷ்.

அவன் கைபேசியை நீட்டினான். படத்தில் ஒரு சின்ன மெஸ். வாசலில், கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் கூட்டம்.

"ரெண்டு தெரு தள்ளி இருக்கு. இந்தக் கூட்டம் நம்ம ஆப்புக்கு வரணும். வீட்டுச் சாப்பாடு மாதிரி ஒரு பேரு யோசிங்க."

படத்தின் ஓரத்தில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தது கோமதிநாயகம். அவள் கணவன். மெஸ் அவனுடையது.

அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. அவள் சொன்னதில்லை.

மதியக் கூட்டம்தான் அந்த மெஸ்ஸுக்கு உயிர். போன வருடம் மூடுவதாக இருந்து, எப்படியோ பிழைத்த கடை.



வேலையை விட முடியாது. நல்ல பெயரைக் கொடுக்கவும் மனம் வரவில்லை. முதல் முறையாக, வேண்டுமென்றே ஒரு மோசமான பெயரை யோசித்தாள். நல்ல பெயரைவிட அது கஷ்டமாக இருந்தது.

'இருக்கறதச் சாப்பிடு.'

திட்டுகிற கடையில் எவன் காசு கொடுத்து வாங்குவான்?

பிரகதீஷ் இரண்டு முறை வாசித்தான். உதட்டைப் பிதுக்கினான். மாற்ற நேரமில்லை. பெயர் செயலியில் ஏறியது.

பன்னிரண்டேகாலுக்கு ஆர்டர் மணி அடிக்க ஆரம்பித்தது.

அப்புறம் நிற்கவேயில்லை. லேபிள் தீர்ந்துபோய்ப் பொட்டலங்களில் பேனாவால் எழுதினார்கள்.

வாங்கியதெல்லாம் ஊரை விட்டு வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகள். திட்ட ஆளில்லாமல் இருந்திருக்கிறார்கள். ஒருத்தி எழுதியிருந்தாள்: 'எங்கம்மா குரலே கேட்டுச்சு.'

அண்டா அதேதான்.

வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

இரண்டரைக்கு பிரகதீஷ் புதுப் பெயர் போட்ட பொட்டலம் ஒன்றைத் தன் கையாலேயே பிரித்து அவள் மேசையில் வைத்தான். நல்ல பசி. பாதி தின்றிருந்தபோது கைபேசி அடித்தது.

கோமதிநாயகம்.

"இன்னைக்கு ஆளே வரல. என்னன்னே தெரியல. சோறு அப்படியே கெடக்கு. நீ அங்கன எதுவும் சாப்பிடாம வா, என்ன?"

குரலில் பெரிய வருத்தமில்லை. மதியத்தில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டு மாதக்கணக்காகிறது.

வாயிலிருந்ததை விழுங்கினாள்.

"இன்னும் சாப்பிடலங்க. வாரேன்."