தாவூது பாய் கை காட்டணும்

"இந்த பாய் அட்டை டிக்கெட்டுல தேதி எழுதறதுக்குள்ள தருமபுரிக்கு நடந்தே போயிரலாம்!"

வெங்கடாசலத்துக்குக் காலங்காத்தால இதே பொலம்பல்தான். பின்ன? ஆபீசுக்கு லேட்டாப் போனா அரை நாள் லீவு காலி.

முன்னெல்லாம் அந்த ஊர் ரயில் ஸ்டேஷன்ல மாஸ்டரே இருந்தார். கூட்டம் கொறஞ்சு போச்சுன்னு எண்பத்தி மூணுல அவரை எடுத்துட்டாங்க. டிக்கெட் விக்கிற வேலை கமிஷனுக்கு தாவூது பாய் கைக்கு வந்துச்சு. அவர் டிக்கெட் குடுத்து முடிஞ்சுதுன்னு கை காட்டுனாத்தான் ரயில் கார்டு பச்சைக் கொடி அசைப்பார்.

தாவூது லேசுல காட்ட மாட்டார்.

"ஏன் பாய், டிக்கெட்ட வெதைச்சு வெளைய வெச்சா குடுக்கறீங்க?"

"இதோ ஆச்சுங்க சார்."

"தனியாருக்கு வுட்டா இப்பிடித்தான்! என் சம்சாரம் சாலா, புள்ளைங்கள கெளப்பி, சோறாக்கி வெச்சிட்டு, எனக்குப் பொறவாலதான் வூட்ட வுட்டுக் கெளம்பறா. கரெக்டா வந்து லேடீஸ் பெட்டில ஏறிடறா. தையல் கம்பெனில லேட்டானா மெஷின வேற ஆளுக்குக் குடுத்துருவான். உங்களுக்கு என்ன கேடு?"

தாவூது சிரிச்சிக்கிட்டார்.

வெங்கடாசலம் வுடுவாரா? மனு எழுதி, ஊர்ல கையெழுத்து வாங்கி மேல அனுப்பிட்டார்.

திங்கக்கெழம ரயில்வே இன்ஸ்பெக்டரே வந்து தாவூது பக்கத்துல நின்னுட்டார். அன்னைக்குப் பாக்கணுமே! டிக்கெட் மளமளன்னு வந்துச்சு. வெங்கடாசலம் மொதப் பெட்டில ஜன்னலோரமா ஜம்முனு உக்காந்துட்டார்.

"முடிஞ்சுதில்ல? கையக் காட்டுய்யா"ன்னார் இன்ஸ்பெக்டர்.

தாவூது சோளக்காட்டுப் பக்கமே பாத்துட்டு நின்னார். கையில தேதி எழுதுன ஒரு டிக்கெட்.

"இன்னும் ஒருத்தர் வரணும்ங்க. தெனம் வர்றவங்கதான். ஒரே நிமிஷம்ங்க..."

ஜன்னல்லருந்து வெங்கடாசலம் கத்துனார். "பாத்தீங்களா சார்? யாரோ ஒருத்தருக்கோசரம் எங்க எல்லாரையும் காக்க வெக்கறாரு!"

இன்ஸ்பெக்டர் தானே கையத் தூக்கிட்டார். பச்சைக் கொடி ஆடுச்சு. வண்டி ஊதிட்டு நவுந்துச்சு.

அப்பத்தான் சோளக்காட்டு வரப்புல ஒரு பொம்பள தலைதெறிக்க ஓடியாந்தா. கையில வெங்கடாசலம் மறந்துட்டு வந்த சோத்து டப்பா.

"அய்யோ, சாலா!"

ஜன்னக் கம்பியப் புடிச்சுக்கிட்டு அலறுனார். "சார்! நிறுத்துங்க சார்! ஆள் வருது சார்!"

பிளாட்பாரத்துலருந்து இன்ஸ்பெக்டர் பெருமையாக் கையாட்டுனார்.

"கவலையே படாதீங்க சார்! இனிமே யாருக்கோசரமும் நிக்காது!"