பாதிரி மடுவுக்கு ஒரு நூல்

“இந்தக் கோலுக்கு அந்த நூல் ஒத்துவராது சார். நாலு வீச்சுல கோல் முறிஞ்சிடும்” என்றாள் ரோனா.

வந்தவர் எடுத்த நூலைக் கீழே வைக்கவில்லை. ஐம்பதைத் தாண்டியவர். சவரம் செய்து பல நாளாகியிருந்தது. மழைக்கோட்டின் ஓரமெல்லாம் ஆற்றுச் சேறு காய்ந்திருந்தது. இன்வர்னெஸ் நகரக் கடைத்தெருவில் ரோனா தன் தூண்டில் கடையைச் சாத்தப்போன சனிக்கிழமை சாயங்காலத்தில், சால்மன் மீனுக்கு வீசும் நீளக் கோல் ஒன்றைத் துண்டு துண்டாகக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்திருந்தார். யாரிடமோ இரவல் வாங்கியதாம்.

கோலின் கைப்பிடிக்கு மேலே, அது தாங்கும் நூலின் கன எண் ‘பத்து’ என்றிருந்தது. அவர் கையிலிருந்ததோ பன்னிரண்டாம் எண் நூல். இறகு கட்டிய கொக்கிக்குக் கனமே கிடையாது. நூலின் கனம்தான் கோலை வளைக்கும், வளைந்த கோல்தான் நூலை எறியும், இரண்டும் பொருந்தாவிட்டால் எல்லாம் காலடியில்தான் விழும் என்று ரோனா விளக்கினாள். வீசத் தெரியும் என்றார் அவர்.

“ஆனா எனக்குக் கனம் வேணும்மா. ஆத்தோட அடியில போய் உரசணும்.”

“கனம் வேற, மூழ்குறது வேற சார். பத்தாம் எண்லயே கல்லு மாதிரி இறங்குற நூல் இருக்கு. இது தெரியாமலா இத்தனை வருஷம் வீசுனீங்க?”

தங்கள் ஆற்றில் மிதக்கும் நூலுக்கு மட்டும்தான் அனுமதி, அதனால் மற்றதைத் தொட்டதில்லை என்றார். எந்த ஆறு என்று கேட்டதற்கு, வடக்கே கார்வன் என்றார்.

ரோனாவின் கை நின்றது. அனுமதி இல்லாத நூலை வாங்க அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறார். உங்கள் ஊர்ப் பக்கம் கடையே இல்லையா என்று கேட்டாள்.

“இருக்கு. அங்க எல்லாருக்கும் என்னைத் தெரியும்.”

திருடன்கூட இவ்வளவு வெளிப்படையாகப் பேசமாட்டான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஆனாலும் பேச்சு கொடுத்தாள். எந்த இடத்தில் வீசப்போகிறார்? பாதிரி மடுவில். ஆழமான மடு, போன வாரம் வெள்ளம் வந்ததிலிருந்து பாறைக்கடியில் தண்ணீர் சுழித்துக்கொண்டே இருக்கிறது என்றார்.

“அங்கதான் கிடக்குன்னு எப்படித் தெரியும்?”

“கடைசியா அங்கதான் பார்த்தேன். அதுக்கப்புறம் மேல வரல. கீழ போயிருந்தா யார் கண்லயாவது பட்டிருக்கும்.”

“வேற யாரும் முயற்சி பண்ணலையா?”

“பண்ணாங்க. தண்ணி இழுப்பு ஜாஸ்தின்னு விட்டுட்டுப் போயிட்டாங்க.”

காசு கட்டி மீன்பிடிக்க வருகிற கனவான்களுக்குப் பொறுமை ஏது என்று ரோனா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. பெரிய கொக்கியாக வேண்டும், மூன்று முனை இருக்க வேண்டும், ஆனால் முனையில் பின்னோக்கி நிற்கும் எதிர்முள் இருக்கக்கூடாது, சதையைக் கிழித்துவிடும் என்றார்.

அவளுக்குக் கொஞ்சம் சமாதானமாயிற்று. எதிர்முள் வேண்டாம் என்பவர்கள் மீனைக் காயப்படுத்தாமல் பிடித்து, திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுகிறவர்கள்.

“அப்ப பிடிச்சுட்டு விட்டுருவீங்க, இல்லையா?”

“இல்லம்மா. வீட்டுக்குக் கொண்டு போகணும்.”

அவள் முகம் மாறியது. செப்டம்பர் மாதம். பெண் சால்மன்கள் வயிறு நிறைய முட்டையோடு ஆறேறிக் கிடக்கும் நேரம். ஒன்றைக் கொன்றால் ஒரு தலைமுறையே போயிற்று. மீன் குறைந்துகொண்டே வருவதால் கடையை மூடிவிடலாமா என்று அவளே யோசித்துக்கொண்டிருந்தாள்.

“எப்ப வீசப் போறீங்க?”

“விடிஞ்சதும்.”

“நாளைக்கு ஞாயித்துக்கிழமை. சால்மனுக்குக் கோலைத் தொடக்கூடாது, சட்டம் இருக்கு. தெரியுமில்ல?”

“என்னைவிட நல்லா யாருக்குத் தெரியும்” என்றார் அவர்.

நூலை விற்பது குற்றமில்லை. பத்தாம் எண்ணில் வேகமாக மூழ்கும் நூலை ரீலில் சுற்றி, கொக்கிகளைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். அடியில் விட்டு இழுத்தால் பாறையிலும் வேரிலும் மாட்டும், அவசரப்பட்டுச் சுண்டக்கூடாது, கோல் போய்விடும் என்று பழக்கதோஷத்தில் சொல்லியும் விட்டாள். அதை மட்டும் அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

வண்டி கிளம்பும் சத்தம் கேட்டதும் ரோனா போனை எடுத்தாள். கார்வன் ஆற்றில் திருட்டுத்தனமாக மீன் பிடிப்பதைத் தடுக்க ஒரு காவலர் இருப்பார். தெரிந்தவர்களிடம் விசாரித்து அவர் வீட்டு எண்ணைப் பிடித்தாள்.

ஒரு பெண் எடுத்தாள். காவலர் வெளியே போயிருப்பதாகச் சொன்னாள். சொல்லிவிடுகிறேன், என்ன விஷயம் என்று கேட்டாள்.

ரோனா மூச்சுவிடாமல் சொன்னாள். மழைக்கோட்டு, இரவல் கோல், மூழ்கும் நூல், மூன்று முனைக் கொக்கி, பாதிரி மடு. விடிந்ததும் கரையில் போய் நின்றால் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். இந்த மாதிரி ஆட்களைச் சும்மா விடக்கூடாது.

லைன் போய்விட்டதோ என்று ரோனா ஹலோ சொல்லிப் பார்த்தாள்.

“கேட்டுக்கிட்டுதான்மா இருக்கேன்” என்றாள் அந்தப் பெண். “நீங்க சொல்ற ஆள்தான் காவலர், என் வீட்டுக்காரர். அவர் மீனுக்குப் போகல. முங்கித் தேட வந்தவங்க கைவிட்டுட்டாங்க, எங்க பையன் இன்னும் அந்த மடுவுக்குள்ளதான் கிடக்கான்.”