நெற்றியில் எண்ணெய், கன்னத்தில் வறட்சி

முகக்கவசத்தை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டேதான் ரத்னவேல் கதவைத் திறந்தார். கதிரேசனின் சிவந்த கன்னங்களைப் பார்த்ததும் இரண்டடி பின்வாங்கி, அதை இன்னும் மேலே ஏற்றிக்கொண்டார்.

கதிரேசன் கன்னத்தைக் கையால் மறைத்துக்கொண்டான். போச்சு, தொற்றுநோய் என்று நினைத்துவிட்டார்!

எல்லாம் அவனே தேடிக்கொண்ட வினை. அவனுக்கு நெற்றியும் மூக்கும் எண்ணெய் வழியும். கன்னங்கள் வறண்டு கிடக்கும். கண்ட கிரீமும் ஒத்துக்கொள்ளாது. "நான் அரைச்சுத் தர்ற பயத்தமாவு மட்டும் போதும், வேற எதையும் தொடாதே" என்று காதலி இனியா தலைபாடாக அடித்துக்கொண்டிருந்தாள். பெண் கேட்கப் போகிற நாளாயிற்றே, கூடுதலாகக் கொஞ்சம் ஜொலிப்போம் என்று தேக்கா சந்தையில் வாசனை ஃபேஸ் வாஷ் ஒன்றை வாங்கி அழுந்தத் தேய்த்துவிட்டான்.

போதாக்குறைக்கு, ரயில் தாமதமாகுமோ என்ற பயத்தில் செங்காங்கிலிருந்து சீக்கிரமே கிளம்பி, சொன்ன நேரத்துக்கு வெகு முன்னதாகவே சுவா சூ காங் வந்து சேர்ந்திருந்தான்.

"இனியா இல்லையா, அங்கிள்?"

ரத்னவேல் விரலால் கீழே காட்டினார். கடைக்குப் போயிருக்கிறாள் போலும். அடுத்து சோபாவைக் காட்டினார். வாயைத் திறக்கவில்லை.

இனியா தாயில்லாத பெண். "அப்பா ஸ்கூல்ல டிசிப்ளின் மாஸ்டரா இருந்தவர்லா. அவர் வேணாம்னா வேணாம்தான்" என்று முன்பே சொல்லியிருந்தாள். இன்று இவர் தலையாட்டினால்தான் கல்யாணம்.

கதிரேசன் சோபா நுனியில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினான்.

"அங்கிள், இது ஒட்டிக்கிற வியாதி இல்ல. காம்பினேஷன் ஸ்கின். நெத்தி ஒரு மாதிரி, கன்னம் ஒரு மாதிரி."

"ம்."

"நெத்தி எண்ணெயில அப்பளம் பொரிக்கலாம். கன்னம் பொரிச்ச அப்பளமாவே இருக்கும்."

ரத்னவேலின் தோள்கள் குலுங்கின. சட்டென்று எழுந்து சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். சட்டையில் மஞ்சளாக ஏதோ துகள் உதிர்ந்தது. காலையில் சாப்பிட்ட வடையோ என்னவோ.

கோபம் தலைக்கேறுகிறது என்பது புரிந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பயந்தவன் வாய் நிற்குமா?

"சென்சிடிவ் வேற, அங்கிள். ஆபீஸ்ல என்னை டிராஃபிக் லைட்டுன்னுதான் கூப்பிடுவாங்க. மஞ்சள் பூசினா மஞ்சள், வேப்பிலை பூசினா பச்சை, சும்மா இருந்தா சிவப்பு."

ரத்னவேல் சுவரில் சாய்ந்துவிட்டார். முகக்கவசத்தை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு, போதும் போதும் என்று தலையை ஆட்டினார். அவர் கண்ணில் நீர் கோத்திருந்தது. அருமை மகளை இப்படி ஒருத்தனுக்கா கொடுப்பது என்று மனுஷன் நொந்துவிட்டார்.

கதிரேசனுக்கும் அழுகை முட்டியது. இனியா இல்லாத வாழ்க்கையை அவனால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

"புரியுது, அங்கிள். உங்களுக்கு என்னைப் பிடிக்கல. ஆனா இனியாவ நான் கண்ணு மாதிரி பாத்துக்குவேன். அதை மட்டும் நம்புங்க. நான் வர்றேன்."

வாசலில் அவன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, லிஃப்டிலிருந்து பையும் கையுமாக இனியா வந்தாள். அவன் கன்னத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஃபேஸ் வாஷ் போட்டியா? படிச்சுப் படிச்சு சொன்னேன்லா!" என்றவள், அவன் கண்ணைப் பார்த்ததும் குரலைத் தணித்தாள். "ஏன் அழுவுறே? அப்பா! என்னப்பா சொன்னீங்க இவர?"

ரத்னவேல் தள்ளாடியபடி வாசலுக்கு வந்தார். இனிமேல் மறைத்துப் பயனில்லை என்று முகக்கவசத்தைக் கழற்றினார். கன்னம், தாடை எங்கும் அப்பியிருந்த பயத்தமாவுப் பூச்சு வாயைச் சுற்றி விரிசல் விரிசலாக வெடித்து, பாதிக்கு மேல் உதிர்ந்திருந்தது.

"காயற வரைக்கும் சிரிக்கக் கூடாதுன்னு பூசிவிட்டுட்டு, இப்படி ஒரு மாப்பிள்ளையவா வரச் சொல்லுவே?"