சுதாஜினி பூட்டிய கதவு

உப்புப் பேணியைத் தட்டிவிட்டது என் முழங்கைதான். பொரித்து வைத்த மீனில் ஒரு துண்டு களவெடுக்கக் குசினிக்குள் போனவன், கொதித்துக்கொண்டிருந்த திருக்கை மீன் கறிக்குள் பேணியைக் குப்புறக் கவிழ்த்துவிட்டேன்.

கரண்டியால் அள்ளப் பார்த்தேன். உப்பு எனக்காகக் காத்திருக்கவில்லை. சட்டியை மூடிவிட்டு, நல்ல பிள்ளை மாதிரி விறாந்தைக் கதிரையில் வந்து உட்கார்ந்தேன். வீட்டுக்காரன் நான்தான், ஆனால் அன்றைக்குச் சுதாஜினியின் வாயில் விழ எனக்குத் துணிவில்லை.

சுதாஜினி எங்கள் மகள் யதுவைப் பார்த்துக்கொண்டு ஓமந்தையில் எங்களோடேயே தங்கியிருப்பவள். என் மனைவி ரஜிதா வவுனியா ஆஸ்பத்திரியில் தாதி. ஊரடங்கு போட்டதிலிருந்து விடுதியை விட்டு வர முடியாமல் கிடந்தாள்.

அதற்கு முதல் நாள்தான் சண்டை.

"அண்ணை, என்ர மகள் கொக்கிளாயில தங்கச்சியோட நிக்கிறாள். ஒருக்காப் பாத்திட்டு வாறன்."

"போய்க் கொரோனாவைக் கொண்டுவந்து என்ர பிள்ளைக்குக் குடுக்கவோ? படலை தாண்டக்கூடாது." படலைப் பூட்டின் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"நீங்கள் மட்டும் பின்வேலியால வீரகத்தியண்ணை வீட்டை போய்க் காட்ஸ் விளையாடலாமோ?"

"அது பக்கத்து வீடு. அங்கையெல்லாம் வராது."

"சரி, பாப்பம்" என்றாள். அந்தப் 'பாப்பம்' எனக்குப் பிடிக்கவில்லை.

மத்தியானம் கறி வந்தது. பயந்து பயந்து ஒரு வாய் வைத்தேன். ஒன்றுமே இல்லை! கெட்டிக்காரி, எப்படியோ சரிக்கட்டிவிட்டாள். தப்பிய சந்தோசத்தில் இன்னும் விடச் சொன்னேன்.

சுதாஜினி தன் சோற்றுக் கோப்பையில் ஒரு வாய் எடுத்தாள். அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். கண் வெட்டவில்லை.

"கறி எப்பிடி, அண்ணை?"

"அந்தமாதிரி!"

"உண்மையாத்தானோ?"

"பின்ன? இன்னும் கொஞ்சம் விடு."

விட்டாள். பிறகு தன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்குப் போனாள். நாயைக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

தான் சாப்பிடாததை எனக்கு ஏன் அள்ளி அள்ளி விட்டாள்? கை கழுவிவிட்டு வந்தால், பாயில் நித்திரையாகக் கிடந்த யதுவைக் காணவில்லை. அறைக் கதவு உள்பக்கமாகப் பூட்டியிருந்தது.

உள்ளே சுதாஜினி போனில் கதைத்துக்கொண்டிருந்தாள். "ஓம்… எல்லாத்தையும் சாப்பிட்டிட்டார். அவருக்கு இன்னும் விளங்கேல்லை. பிள்ளை என்னட்டைத்தான். கெதியா வாகனத்தை அனுப்புங்கோ."

கதவில் ஓங்கி அடித்தேன். "சுதாஜினி! கதவைத் திற! கறிக்குள்ள என்ன போட்டனீ?"

இடுப்பிலிருந்த திறப்பை உருவி எடுத்தேன்.

"நேற்றுப் போக விடாததுக்கு இப்பிடியோ? இந்தா திறப்பு! இப்பவே கொக்கிளாய்க்குப் போ. பிள்ளையை மட்டும் தந்திட்டுப் போ!" அதட்டுவதாகத்தான் நினைத்தேன். கேட்டதென்னவோ ஆட்டுக்குட்டியின் குரல்.

"கதவடியை விட்டுத் தள்ளி நில்லுங்கோ, அண்ணை. ரஜிதாக்காவோடதான் கதைச்சனான்."

"ரஜிதாவோ? என்னத்துக்கு? கடவுளாணை, ஒருக்கா நேராச் சொல்லு!"

பிள்ளை எழும்பாதபடிக்கு, மெல்லச் சொன்னாள்.

"அந்தக் கறி ஒரே உப்பு, அண்ணை. நாயும் வாய் வைக்கேல்லை. உங்களுக்குத்தான் ருசி தெரியேல்லை."