வெள்ளிவிழா வளைவு

"கடலைப் பார்த்த பால்கனி. காலையில காப்பியும் ரொட்டியும் படுக்கைக்கே வந்துடும். உன்னை மாதிரி சோம்பேறிய நெனச்சுத்தான் இந்த ஓட்டலையே கட்டியிருக்கான்," என்றான் பிரெபென்.

"ஆகஸ்ட்ல போகலாமே. அப்பவும் கடல் அங்கேயேதான இருக்கும்?" என்றாள் அவன் மனைவி டோர்த்தெ.

மடிக்கணினித் திரையில் மதீராத் தீவு நீலமாக விரிந்து கிடந்தது. பிரெபென் அதை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினான்.

ஜூன் பதினாறு பக்கத்து நகரமான ஆல்போர்க்கில் விமானம் ஏற வேண்டும். பதினேழு அவர்கள் திருமணத்தின் வெள்ளிவிழா. அன்று சாயங்காலம் கடற்கரையில் இரண்டு பேருக்கு மட்டும் மேசை போடச் சொல்லலாம், மெழுகுவத்தி வைப்பார்கள், யாராவது கிதார் வாசிப்பார்கள் என்று அடுக்கிக்கொண்டே போனான்.

கல்யாணமான புதிதில்கூட அவன் இப்படிப் பேசியதில்லை.

ஏன் பேசுகிறான் என்று டோர்த்தெக்குத் தெரியும்.

அவர்கள் ஊர் வழக்கப்படி வெள்ளிவிழாத் தம்பதியர் அன்று விடியற்காலையில் தூங்குவதுபோல நடிக்க வேண்டும். வெளியே ஏணி சுவரில் இடிக்கும். யாரோ சிரிப்பை அடக்குவது கேட்கும். எதுவும் காதில் விழக் கூடாது. தெருவே கூடி, வாசல்கதவைச் சுற்றித் தேவதாருக் கிளைகளால் வளைவு கட்டி, வெள்ளிக் காகித ரோஜாக்களைச் செருகிப் பாட ஆரம்பித்த பிறகுதான், இரவு உடையோடு கதவைத் திறந்து திகைத்து நிற்க வேண்டும்.

வளைவு இல்லாத வெள்ளிவிழா வீட்டை டோர்த்தெ பார்த்ததில்லை. ஊரில் இல்லாதவர்களுக்கு மட்டும் கட்ட மாட்டார்கள்.

அதற்குத்தான் மதீரா.

போன அக்டோபரிலிருந்து அந்தத் தெருவில் யாரும் அவர்கள் வீட்டு மணியை அடிக்கவில்லை. அந்த மாதம் ஒரு மழைநாளில் டோர்த்தெ காரைப் பின்னால் எடுத்தபோது, வேலிச்செடி மறைவிலிருந்து பக்கத்து வீட்டு ஆஸ்கெர் தன் குட்டி சைக்கிளில் வந்தான். ஐந்து வயது.

அவள் மேல் தப்பில்லை என்று போலீஸ் எழுதிக்கொடுத்தது. பிரெபென் அந்த வேலியை வேரோடு பிடுங்கிப் போட்டான். அதன் பிறகு அவர்கள் சமையலறை ஜன்னலில் நின்றால் அந்த வீட்டுச் சமையலறை நேராகத் தெரிந்தது.

யாரும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. தலையசைத்தார்கள். கடந்து போனார்கள்.

"நான் இங்கேயே இருக்கேன், பிரெபென். வந்தா வரட்டும். வரலைன்னா, வரலைன்னு தெரிஞ்சுக்கறேன். அங்க போய் உக்காந்துட்டு, வந்திருப்பாங்களோன்னு காலம்பூரா யோசிச்சிட்டிருக்க என்னால ஆகாது."

அவன் மடிக்கணினியை மூடினான்.

"சரி. ஆனா நீ தூங்கற மாதிரி நடிக்கறதத்தான் பாக்கணும். பொய்க் குறட்டைகூட விடத் தெரியாது உனக்கு."

"நிஜக் குறட்டைக்குத்தான் நீ இருக்கியே," என்று சொல்லி டோர்த்தெ சிரித்துவிட்டாள். தன் சிரிப்புச் சத்தம் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

அப்போது வாசல்மணி அடித்தது.

மாரென் நின்றிருந்தாள். ஆஸ்கெரின் அம்மா. மழைக்கோட்டுக்குப் பொத்தான்கூடப் போடவில்லை. கையில் அளவு நாடா.

வளைவு எப்போதும் அடுத்த வீட்டுக்காரர் பொறுப்பு. தெருவைத் திரட்டுவது, ஒருவருக்கும் தெரியாமல் கதவை அளப்பது, முதல் கிளையைக் கட்டுவது எல்லாம் அவர்கள்தான். டோர்த்தெ கதவை அகலத் திறந்தாள்.

மாரென் அளக்கவில்லை. நாடாவை இழுப்பதும் விடுவதுமாக இருந்தாள். ஒவ்வொரு முறையும் அது சடக்கென்று உள்ளே ஓடியது.

"ஈஸ்டர்லேர்ந்து ஆள் மாத்தி ஆள் என்கிட்ட வர்றாங்க," என்றாள். "நான் கட்டினா அவங்களும் வருவாங்களாம். நான் வரலைன்னா அவங்களும் இல்லையாம். அளந்துதான் பாப்போம்னு வந்தேன்."

அவளுக்குப் பின்னால் டோர்த்தெயின் கார் நின்றிருந்தது. அதைத் திரும்பிப் பார்க்காமலிருக்க அவள் கழுத்து விறைத்திருந்தது.

"உங்கமேல கோபம்னு இல்ல, டோர்த்தெ. ஆனா உங்க வாசல்ல நின்னு என்னால பாட முடியாது. பாட மாட்டேன்னு தெரு முன்னாடி சொல்லவும் முடியாது. அந்த ஒரு நாள் மட்டும்... நீங்க ரெண்டு பேரும் எங்கயாவது வெளியூர் போயிடறீங்களா?"