தாள் வைத்ததும் வந்த கடிதம்

அன்று மில் அலுவலகத்தில் இருந்தவர்கள் முதலாளி சிவசைலம், தம்பி கோமதிநாயகம், தம்பி மகள் இசைவாணி, கணினி பார்க்கும் ஜெபராஜ்.

முந்தின நாள் சிவசைலம், இசைவாணிக்கு வலிப்பு உண்டென்று மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெயரில்லாத கடிதம் ஒன்றைத் தட்டியிருந்தார். வேற்றுச் சாதிச் சம்பந்தம் நின்றால் குடும்ப மானம் தப்பும். அச்சடிக்கக் கொடுத்தபோது பிரிண்டரில் தாள் இல்லை. கணினியை அணைத்தால் கடிதமும் ஒழிந்தது என்று எண்ணிப் போய்விட்டார்.

இன்று ஜெபராஜ் தாள் வைத்ததும் அது வந்து விழுந்தது. இசைவாணி அதை எடுத்துப் படித்தாள்.

"யார் அனுப்பினது, அண்ணே?"

"எல்லாருக்கும் ஒரே பிரிண்டர்தானேம்மா. நடுவுல உள்ள பிரிண்ட் சர்வர் வந்ததையெல்லாம் அனுப்பினவங்க பேரோட பிடிச்சு வச்சிருக்கும். இந்தா..."

அவன் பக்கம் திரும்பியிருந்த திரையில் சிவசைலத்தின் பெயர் இருந்தது.

"ஏன்டா முழிக்கிற? உன் வேலையா?" கோமதிநாயகம் அவன் சட்டையைப் பிடித்தார். "அண்ணன் உன்னைப் படிக்க வச்சதுக்கு இதாடா கைம்மாறு?"

ஜெபராஜ் சிவசைலத்தையே பார்த்தான். ஒரு சொல் போதும். அவர் மேசைமேல் இருந்த கணக்கேட்டைப் புரட்டினார். அவன் திரையிலிருந்த பெயரை அழித்துவிட்டு, சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியேறினான்.

கல்யாணத்தன்று இசைவாணி முதலில் விழுந்தது பெரியப்பா காலில்தான்.

கடிதத்தை எழுதியவன் ஜெபராஜ் என்று ஊரில் சொல்கிறார்கள். அவன் எழுதவில்லை.