வேறு துப்பாக்கி

குணவதியும் அவள் தம்பி அரசுவும் பழைய பட்டாளத் துப்பாக்கியை துப்பாக்கி பழுதுபார்க்கும் வேதமுத்துவின் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். காட்டுப்பன்றி என்று நினைத்து அரசு இந்தத் துப்பாக்கியால் சுட்டதில்தான் அவள் கணவர் இறந்தார். வழக்கு முடிந்து இப்போதுதான் திரும்பக் கிடைத்தது.

"பன்னி இன்னும் வருது, துப்பாக்கி வேணும். ஆனா பாத்தா அந்தத் துப்பாக்கின்னு தெரியக்கூடாது" என்றாள்.

வேதமுத்து குழலைக் குறைத்தார். குழலுக்கு அடியில் நீண்டிருந்த முன்கட்டையை அறுத்துவிட்டு, அவள் தோளுக்கு அளவெடுத்துப் புதுக் கட்டை செதுக்கினார். ஒரு மாதம் கழித்து இருவரும் வாங்க வந்தார்கள்.

"வேற துப்பாக்கிதான்" என்று சொல்லிக்கொண்டே குணவதி குண்டேற்றும் போல்ட்டை இழுத்துத் தள்ளினாள். சடக்கென்று சத்தம் வந்தது.

"அன்னிக்கு வேலியோரம் நின்னேன். மொதல்ல இந்தச் சத்தந்தான் கேட்டுச்சு. இத மாத்த முடியாதாண்ணே?"

"அது மாறாதும்மா."

"சரி."

தூக்கிக்கொள்ள அரசு கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

"நீ முன்னால நட" என்றாள்.